முதலில் அரம், பிறகு லேத்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 1978இல் பிளஸ் டூ வந்தபோது, கூடவே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. அதில் அடிப்படை இயந்திரவியல் எடுக்கும் பிள்ளைகளுக்குப் பட்டறைக்குள் நுழைந்ததும் கண் போவது லேத் மேல்தான். இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? ஆனால் முதலில் கையில் கிடைப்பது ஓர் எம்.எஸ். பிளாட் (மென் எஃகுப் பட்டை) துண்டும் ஓர் அரமும்தான். "நாலு பக்கமும் மட்டமா, மூலை எல்லாம் தொண்ணூறு டிகிரி வர்ற மாதிரி ராவிக் கொண்டா" என்பார் ஆசிரியர். தோள் கடுக்க ராவி முடித்தாலும் அந்தத் துண்டை எந்த இயந்திரத்திலும் மாட்ட முடியாது. வெறும் சதுரம்.

ஒன்றுக்கும் உதவாத பொருளைச் செய்ய வைத்துத் தொழில் கற்பிக்கும் இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1868 வாக்கில் மாஸ்கோவின் அரசுத் தொழில்நுட்பப் பள்ளியில் அதை வகுத்தவர் விக்டர் டெல்லா-வோஸ். அதுவரை தொழில் படிப்பதென்றால் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, மேஸ்திரி செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகுவதுதான். டெல்லா-வோஸ் தொழிலையே கூறு போட்டார். ராவுவது தனி, அறுப்பது தனி, துளையிடுவது தனி, மரை வெட்டுவது தனி. ஒவ்வொன்றுக்கும் எளியதிலிருந்து கடினமானது வரை பயிற்சித் துண்டுகள். முழுப் பொருள் செய்வதெல்லாம் பிறகு. 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் இந்தத் துண்டுகளைப் பார்த்த அமெரிக்கர்கள் அசந்துபோனார்கள். 1879இல் செயின்ட் லூயிஸ் நகரில் கால்வின் உட்வர்ட் நிறுவிய கைத்தொழில் பள்ளி, இந்த முறையை உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் கொண்டுபோனது. டெல்லா-வோஸ் செய்தது சரி என்றே நினைக்கிறேன். பொருள் அழகாக வந்துவிட்டால் பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். வெறும் சதுரத்தில் ஒளிய இடமில்லை.

ராவுவதில் அப்படி என்ன இருக்கிறது? அரத்தின் பற்கள் முன்னோக்கிச் சாய்ந்தவை. தள்ளும்போது மட்டுமே வெட்டும். இழுக்கும்போது அழுத்தினால் பல்தான் மழுங்கும். துண்டை இறுகப் பிடித்திருக்கும் வைஸின் வாய் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு வகுப்பில் சொல்லிவிடலாம். சொல்லிக் கொடுக்க முடியாதது அழுத்தம். அரம் ஜாப்பின், அதாவது ராவும் துண்டின், மேல் சீசா பலகை போல உட்கார்ந்திருக்கிறது. தள்ளத் தொடங்கும்போது பலகையின் நீளமெல்லாம் கைப்பிடிப் பக்கம் இருப்பதால் அரத்தின் நுனியைப் பிடித்த கைதான் அழுத்த வேண்டும். நடுவில் இரண்டு கையும் சமம். முடியும்போது கைப்பிடியைப் பிடித்த கை. இரண்டு கையாலும் ஒரே மாதிரி அழுத்திக்கொண்டே போனால் அரம் முதலில் பின்பக்கமும் பிறகு முன்பக்கமும் சாயும். ஓரங்கள் தேய்ந்து நடுவில் மேடு நிற்கும். புதிதாகப் பழகுகிறவர்களின் ஜாப் எல்லாம் இப்படித்தான் முதுகு வைத்திருக்கும். இயற்பியல் புத்தகத்தில் வரும் திருப்புத்திறன்தான் இது. ஆனால் இங்கே கணக்குப் போட நேரமில்லை, தள்ளுகிற அந்த ஒரு நொடிக்குள் உடம்பே போட்டுக்கொள்ள வேண்டும். கை ஆடும் என்பது அரம் செய்கிறவர்களுக்கும் தெரியும். அதனால்தான் பெரும்பாலான அரங்களின் முகம் நீளவாக்கில் மிக லேசாகப் புடைத்திருக்கும்.

மட்டமாக வந்ததா என்று பார்க்க ஜாப்பின் மேல் செங்கோணம் பார்க்கும் டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில்கூட ஒளிக்கீற்று தெரிந்துவிடும். ராவிய இடத்தை ஆசையாக விரலால் தடவிப் பார்த்தீர்களோ, அதட்டல் விழும். தோலின் எண்ணெய்ப் பசை பட்டால் அரம் கடிக்காமல் வழுக்கும். தூளை வாயால் ஊதினாலும் அதட்டல்தான், அது கண்ணுக்காக.

இந்த இடத்தில் சில பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி வரும்: ஜாப்பை டிரை ஸ்கொயரால் பார்க்கிறோம், டிரை ஸ்கொயரைச் சர்பேஸ் பிளேட் என்ற சமதளத் தகட்டை வைத்துப் பார்க்கிறோம், அந்தப் பிளேட் மட்டம் என்று யார் சொன்னது? அருமையான கேள்வி. இரண்டு தகடுகளை நீலம் பூசி ஒன்றோடொன்று உரசி, மேடுகளைச் சுரண்டிச் சுரண்டிச் சேர்த்தால் அவை கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ஒன்று லேசாகக் குழிந்தும் மற்றது அதே அளவு புடைத்தும் இருந்தாலும் பொருந்தத்தான் செய்யும். மூன்றாவது தகடு ஒன்று இருந்தால் இந்தத் திருட்டு பிடிபட்டுவிடும். மூன்றில் எந்த இரண்டை எடுத்து எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்த வேண்டும் என்றால் மூன்றும் சமதளமாக இருந்தே ஆக வேண்டும். வேறு வழியே இல்லை. இந்த முறையை 1840இல் பிரிட்டனின் அறிவியலாளர் கூட்டத்தில் விளக்கியவர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த். எந்த மூல அளவுகோலும் இல்லாமல், கையாலும் கண்ணாலும் மட்டுமே சமதளத்தைப் பிறப்பிக்கும் வித்தை இது. வடிவியல் பாடத்தில் தேற்றமாகவே வைக்கலாம்.

எங்கே வெட்டுவது என்று இரும்பில் கோடு போடும் வேலையில் வேதியியல் வரும். பளபளக்கும் இரும்பில் கீறிய கோடு சரியாகக் கண்ணுக்குப் படாது. மயில்துத்தக் கரைசலைத் தடவினால் இரும்பு கரைசலுக்குள் போய், செம்பு மேலே படியும். பத்தாம் வகுப்பில் சமன்பாடாக எழுதிய அதே இடப்பெயர்ச்சி வினைதான். அந்தச் செம்புப் படலத்தைக் கீறினால் கோடு வெள்ளி போல மின்னும். அளக்க வெர்னியர். இயற்பியல் ஆய்வகத்தில் 0.1 மி.மீ. வரை பார்த்த பிள்ளைகள் இங்கே 0.02 மி.மீ. வரை பார்ப்பார்கள். 49 மி.மீ. நீளத்தை 50 பாகமாகப் பிரித்ததால் வரும் துல்லியம் அது.

உலோகம் அறுக்கும் ஹாக்சா பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மெல்லிய குழாயை அறுக்க நெருக்கமான பல் உள்ள பிளேடு வேண்டும். மூன்று நான்கு பற்களாவது ஒரே நேரத்தில் உலோகத்தில் படாவிட்டால் பல் உடையும். துளையிடும் இயந்திரத்தில் கையுறை போடக் கூடாது என்றால் புதியவர்கள் நம்ப மாட்டார்கள். சுழலும் டிரில் பிட் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

எம் 6, அதாவது 6 மி.மீ. விட்டமுள்ள மரைக்கு 5 மி.மீ. துளை. மரையின் இடைவெளி 1 மி.மீ. என்பதால் ஆறிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும். மரை வெட்டும் டேப்பை ஒரு சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே திருப்ப வேண்டும். அப்போதுதான் உள்ளே சுருளும் தூள் முறியும். அவசரப்பட்டு முன்னேயே திருப்பினால் டேப் துளைக்குள் உடைந்து நிற்கும். டிரில் பிட் அளவுக்கே கடினமான எஃகு அது, துளைத்து எடுக்கவும் வழியில்லை.

இதெல்லாம் கைவந்த பிறகு சதுரப் பொருத்தம். ஒரு தகட்டின் நடுவில் கோடு போட்டு, கோட்டை ஒட்டி உள்பக்கம் வரிசையாகத் துளையிட்டு, உள்துண்டை உளியால் தட்டி எடுத்து, ராவிச் சதுரத் துவாரமாக்க வேண்டும். அதில் சதுரத் துண்டு ஒன்று வழுவழுவென்று இறங்க வேண்டும். தட்டி ஏற்றக் கூடாது, ஆடவும் கூடாது. ஒரு திசையில் இறங்கிவிட்டது என்று பூரித்துப்போய்க் காட்டினால் ஆசிரியர் துண்டை எடுத்துக் கால் சுற்று திருப்பிப் போடுவார். இப்படி நான்கு திசை; கவிழ்த்துப் போட்டால் இன்னும் நான்கு. எட்டு விதத்திலும் இறங்கினால்தான் துண்டும் சதுரம், துவாரமும் சதுரம்.