கதை தந்த பெயரும் கருத்துள்ள பெயரும்

குழந்தைக்குப் பெற்றோர் வழங்கும் முதல் அன்பளிப்பு அழகிய பெயராகும். அதனைக் கற்பனைக் கதைகளில் தேடுவோர் இன்று பெருகியுள்ளனர். 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 560 பெண் குழந்தைகளுக்குக் 'கலீசி' எனப் பெயரிட்டதாக அந்நாட்டு அரசுப் பதிவு கூறுகிறது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்னும் மாயக்கதைத் தொலைக்காட்சித் தொடரின் நாயகிக்குரிய பட்டம் அது, இயற்பெயர்கூட அன்று. 2019 மே மாதம் தொடர் முடிவுற்றபோது, அந்நாயகி ஒரு நகரையே மக்களோடு எரித்தாள். பெயரிட்டோர் சிலர் மனம் வருந்தினர். கதையின் முடிவு கதாசிரியர் கையில். பெயரைச் சுமப்பதோ குழந்தை!

நம்மிடையே வழங்கும் 'அலாவுதீன்' அற்புத விளக்குக் கதையால் வந்த பெயரன்று. அக்கதை 18ஆம் நூற்றாண்டில்தான் நூலேறியது. 'மார்க்கத்தின் உயர்வு' எனப் பொருள்படும் அப்பெயரோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது.

உமர் (ரலி) அவர்களின் மகளுக்கு 'மாறு செய்பவள்' என்று பொருள்படும் 'ஆஸியா' என்ற பெயர் இருந்தது. அதை மாற்றி, 'அழகியவள்' என்னும் பொருளில் 'ஜமீலா' எனப் பெயர் சூட்டினார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். ஃபிர்அவ்னின் மனைவியான ஆசியா அம்மையாரின் பெயரும் தமிழில் அவ்வாறே ஒலிக்கும். அரபியில் எழுத்தும் வேறு, பொருளும் வேறு.

எனவே, புதுக்கடையில் வாழ்ந்தாலும் துபாயில் வாழ்ந்தாலும், ஏழாம் நாள் அகீகாவுக்கு முன்பே வாப்பாவும் உம்மாவும் ஆலிம் ஒருவரிடம் பெயரை அரபி எழுத்தில் எழுதி வாங்கி, பொருளறிந்து சூட்டுவார்களாக!