பத்து வயதுக்கு எந்த மட்டை?

பள்ளிச் சீருடை தைக்கும்போது, இரண்டு வருஷத்துக்கு ஆகட்டும் என்று தொளதொளவெனத் தைக்கச் சொல்வது நம் வழக்கம். கிரிக்கெட் மட்டையையும் அந்தக் கணக்கில்தான் வாங்குகிறோம்.

பெரியவர்களின் மட்டை ஏறக்குறைய 1.2 கிலோ இருக்கும். 28 கிலோ எடையுள்ள நாலாம் வகுப்புப் பையனிடம் அதைக் கொடுப்பது, உடல் எடைக் கணக்கில், 70 கிலோ ஆளிடம் 3 கிலோ மட்டையைக் கொடுப்பதற்குச் சமம். அப்பாக்கள் அதை வைத்து ஒரு கவர் டிரைவ் ஆடிப் பார்க்கட்டும்!

எடையைவிட, அது மட்டையில் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். சுழற்றும்போது எதிர்க்கும் குணத்துக்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். தூரம் இருமடங்கானால் அது நான்கு மடங்காகும். கையிலிருந்து 40 செ.மீ. தள்ளியுள்ள 100 கிராமைவிட, 80 செ.மீ. தள்ளி அடிமுனையில் இருக்கும் 100 கிராம் நான்கு மடங்கு முரண்டு பிடிக்கும். தராசில் ஒரே எடை காட்டும் இரண்டு மட்டைகளில் ஒன்று மட்டும் கையில் கனப்பது இதனால்தான். ஆட்டக்காரர்கள் 'பிக்-அப்' என்பது இதைத்தான்.

பையன் இதற்குத் தானாகவே ஒரு வழி கண்டுபிடிக்கிறான். கைகளைப் பிடியின் அடிக்கு இறக்குகிறான், தூரம் குறைகிறது. ஆனால் நேரான ஆட்டத்தை நடத்த வேண்டிய மேல் கை சும்மா இருக்க, கீழ்க் கை பாரம் முழுவதையும் ஏற்று மட்டையைக் குறுக்கே இழுக்கிறது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழும் பந்துக்கும் லெக் சைடில் காட்டடிதான். "நேரா ஆடுடா" என்று கத்திப் பயனில்லை.

சச்சின் டெண்டுல்கரைக் காட்டி வாதிடுவார்கள். சிறுவனாக இருந்தபோது அண்ணன் அஜித்தின் முழு அளவு மட்டையில் ஆடத் தொடங்கியவர் அவர். தூக்குவதற்காகவே பிடியின் அடியில் பிடித்தார். பின்னாளில் மாற்றிப் பார்த்தும் சரிப்படவில்லை. சிறு வயதில் கை பழகியது எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதற்குத்தான் அவர் சாட்சி. அந்தப் பிடியோடு ரன் குவித்தது மேதைமை. அதே பிடியோடு காணாமற்போனவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

டென்னிஸ் முந்திக்கொண்டது. 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்து கூடாது. வேகம் குறைந்த சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகள்தான். கிரிக்கெட் விதிகளும் சிறாருக்கு 133 முதல் 144 கிராம் வரையிலான சிறிய பந்தை வைத்திருக்கின்றன. மட்டைக்கோ நீள, அகல வரம்பு உண்டு, எடை வரம்பு கிடையாது. எனவே முடிவு கடையில் நிற்கும் பெற்றோர் கையில்.

மேல் கையால் மட்டும் பிடித்து, மட்டையை நேராக முன்னால் நீட்டச் சொல்லுங்கள். முனை உடனே தாழ்ந்தால், ஓர் அளவு சிறியதைக் கேளுங்கள். அதற்காகப் பிளாஸ்டிக் மட்டைக்குப் போய்விட வேண்டாம்: அத்தனை லேசானதை மணிக்கட்டைச் சொடுக்கியே வீசிவிடலாம், தோளுக்கும் காலுக்கும் வேலையே இருக்காது.