மயக்க மருந்தைக் கணினி செலுத்தும்போது

அறுவை மேசையில் படுத்திருப்பவரின் நெற்றியில் ஒரு பட்டையை ஒட்டுகிறார்கள். மூளையின் மின்னலைகளை அது வாங்கிக்கொள்ள, மானிட்டர் 0 முதல் 100 வரை ஓர் எண்ணைக் காட்டுகிறது. விழித்திருப்பவருக்கு 100ஐ ஒட்டி இருக்கும். அறுவை நடக்கும்போது 40க்கும் 60க்கும் இடையே இருக்க வேண்டும். எண் ஏறினால் புரோபோஃபால் என்ற மயக்க மருந்தின் பம்பை முடுக்குவதும் இறங்கினால் தணிப்பதும் மயக்க மருத்துவரின் வேலை. அதைக் கணினியிடம் விடுவதுதான் தானியங்கி முறை.

இது வெளிநாட்டில் மட்டும் நடப்பதல்ல. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் ஜி.டி. பூரி குழுவினர் உருவாக்கிய ‘கிளாட்ஸ்’ என்ற தானியங்கிக் கருவி இந்தியாவின் பல மையங்களில் சோதிக்கப்பட்டது. 2016இல் வெளியான முடிவின்படி, கையால் பம்பைத் திருகுவதைவிடக் கூடுதல் நேரம் எண்ணை இலக்கருகே நிறுத்தியது அந்தக் கருவி.

ஆனால் கணினிக்குத் தெரிவது எண் மட்டுமே. பட்டை நழுவினாலோ, ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் கருவி குறுக்கிட்டாலோ எண் பொய் சொல்லும். கெட்டமின் என்ற மருந்தைக் கொடுத்தால் மயக்கம் ஆழமாக இருந்தும் எண் ஏறலாம். அதைவிடச் சாதாரணமான ஆபத்து கையில் இருக்கிறது: ஊசி ரத்தக் குழாயிலிருந்து விலகினால் மருந்து சதைக்குள் போகும், பம்போ ‘கொடுத்தாயிற்று’ என்று கணக்கெழுதிக்கொண்டே இருக்கும். தசைத்தளர்வு மருந்தும் ஏறியிருந்தால், விழித்துக்கொண்டவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. பிரிட்டனில் 2014இல் வெளியான தேசிய ஆய்வில், மயக்கத்தின் நடுவே விழித்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 19,000 பேரில் ஒருவர். தளர்வு மருந்து சேர்ந்தபோது 8,000 பேரில் ஒருவர். தானியங்கிக் கருவிகளை மட்டும் பற்றிய கணக்கல்ல இது.

மயங்கிய பிறகு நோயாளியிடம் சம்மதம் கேட்க முடியாது. லேப்ராஸ்கோபிக்குக் கையெழுத்திட்டு, கருப்பை அகற்றலுக்குச் சம்மதம் தராத ஒரு பெண்ணின் கருப்பையை, மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் கேட்டுவிட்டு அகற்றினார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம், 2008இல். ஆகவே முந்தின நாள் மயக்க மருத்துவர் பார்க்க வரும்போதே கேட்டுவிடலாம்: தானியங்கிக் கருவியா? அறுவை முடியும்வரை மயக்க மருத்துவர் உள்ளேயே இருப்பாரா? முன்பு எப்போதாவது நடுவில் விழித்த அனுபவம் இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. கருவி ஆய்வுக்காகப் பயன்படுகிறதென்றால் அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். மறுத்தால் சிகிச்சையை நிறுத்த முடியாது.

ஏதோ கேட்டது, வலித்தது என்ற நினைவு பிறகு வந்தால், பிரமை என்று ஒதுக்காமல் மயக்க மருத்துவரிடமே முதலில் சொல்ல வேண்டும். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. மயக்கப் பதிவுத் தாளோடு மானிட்டர், பம்ப் பதிவுகளையும் சேர்த்தே கேட்பது நல்லது. கருவிக் கோளாறை மத்திய அரசின் மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியே தெரிவிக்கலாம். இழப்பீடு கோருபவர் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். அங்கே பம்ப் எழுதிவைத்த கணக்கும் சாட்சியாக வந்து நிற்கும்.