மாவட்டத்துக்கு ‘மிதமான மழை’… உங்க தெருவில் மட்டும் வெள்ளம் ஏன்? வானிலை ஆர்வலர்கள் அளப்பது எதை?

மதியம் இரண்டு மணி வரை சுள்ளென்று வெயில். நாலு மணிக்கு மேற்கே வானம் கறுக்குது. ஐந்து மணிக்கு ஒரு குளிர்ந்த காற்று, கொஞ்சம் மண் வாசனை, அடுத்த பத்து நிமிஷத்தில் கொட்டித் தீர்க்குது. ஆறரைக்கு மழை நின்னாச்சு. ஆனா தெருவில் தண்ணீர் நிக்குது.

மறுநாள் செய்தியில் உங்க மாவட்டத்துக்குப் போட்டிருப்பது ‘மிதமான மழை’. அப்போ நாம பார்த்தது என்ன?

இந்தக் கேள்வியை ஓரிக்கையிலிருந்து பார்ப்போம். காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரம், வேகவதிக்கும் பாலாற்றுக்கும் இடைப்பட்ட பகுதி. நெசவுக் குடும்பங்கள் வாழும் ஊர். இங்கே மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் நனைவது வெறும் தரை அல்ல, தறி.

காஞ்சிப் பட்டு நெய்யும் பழைய முறை குழித்தறி. தரையில் பள்ளம் எடுத்து, அதில் கால்களை இறக்கி உட்கார்ந்து மிதியை மிதித்து நெய்ய வேண்டும். வீட்டிலேயே தாழ்வான இடம் அந்தக் குழிதான். வாசல் வழியாகத் தண்ணீர் வராவிட்டாலும், அடியிலிருந்து ஊறி வரும். பாவு நனைந்தால் பட்டு கெடும், ஜரிகை கறுக்கும். ஒரு புடவை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். கூலி புடவைக் கணக்கில்தான். தறி நின்றால் அந்த வருமானமும் நின்றது.

அதனால் ‘இன்னைக்கு மாவட்டத்தில் மழை வருமா’ என்பது இங்கே பாதிக் கேள்விதான். ‘நம்ம தெருவில், எத்தனை மணிக்கு, எவ்வளவு வேகத்தில்’ என்பது மீதிப் பாதி. வானிலை ஆர்வலர்கள் உதவக்கூடிய இடம் அந்த மீதிப் பாதி.

‘கனமழை’ என்றால் எவ்வளவு?

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் பெரும்பாலும் இந்த அளவுகளை ஒட்டியே வருகின்றன. ஒரு ‘மழை நாள்’ என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை.

24 மணி நேரம் என்ற இந்தக் கணக்கை கவனிங்க. ஒரே மணி நேரத்தில் 6 செ.மீ. கொட்டி, மீதி 23 மணி நேரமும் வறண்டு கிடந்தால், அந்த நாள் ‘கனமழை’ என்ற வகைக்குள்ளேயே வராது. ஆனால் 6 செ.மீ. நாள் முழுக்கத் தூறினால் மண் குடித்துவிடும். ஒரு மணி நேரத்தில் கொட்டினால் எந்தத் தெருவின் கால்வாயும் திணறும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 5 செ.மீ. பெய்தால் சுமார் 4,600 லிட்டர் தண்ணீர். இது ஒரே ஒரு வீட்டின் மாடி. தெருவில் இருக்கும் அத்தனை மாடித் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஒரே கால்வாய்க்கு வந்தால் என்ன ஆகும்?

ஒரு பக்கம் கொட்டி, மறுபக்கம் காய்வது எப்படி?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வட தமிழகத்தில் அடிக்கடி நடப்பது இது: மதிய வெயிலில் தரை சூடாகி, ஈரக் காற்று மேலே ஏறுகிறது. கிழக்கே கடலிலிருந்து வரும் காற்றும் மேற்கேயிருந்து வரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் இந்த ஏற்றம் வேகமெடுக்கும். இடிமேகம் எழும். வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கம் உருவாகும் மேகங்கள் மாலையில் சென்னை நோக்கி நகர்வது இப்படித்தான்.

ஒரு இடிமேகத்தின் குறுக்களவு சில கிலோமீட்டர்கள்தான். ஆயுள் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய. அதனால்தான் பிள்ளையார்பாளையத்தில் கொட்டும் மழை ஓரிக்கையில் தூறலாக முடியலாம். அடுத்த நாள் தலைகீழாகவும் நடக்கலாம். நகரத்துக்கு ஒரே ஒரு மழைமானி இருந்தால், அந்த மேகம் அதன் தலைக்கு மேல் போகாதவரை அது கணக்கில் வராது.

பெரிய மழையிலும் இந்த வித்தியாசம் உண்டு. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. இரண்டுக்கும் இடையில் ஒரு மின்சார ரயில் பயண தூரம்தான்.

ரேடார் இருக்கே, போதாதா?

சென்னை துறைமுகத்தில் டாப்ளர் ரேடார் இருக்கிறது. பள்ளிக்கரணையில் இன்னொன்று. ரேடார் அனுப்பும் அலை மழைத்துளிகளில் பட்டுத் திரும்பி வரும். எவ்வளவு பலமாகத் திரும்புகிறது என்பதைத்தான் நாம் மொபைலில் பச்சை, மஞ்சள், சிவப்பாகப் பார்க்கிறோம். காஞ்சிபுரம் சென்னையிலிருந்து சுமார் 70 கி.மீ. அந்தத் தூரத்துக்கு வரும்போது, பூமியின் வளைவாலும் அலையின் சாய்வாலும், ரேடார் பார்ப்பது தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மழையை. மேலே என்ன இருக்கு என்று அது சொல்லும். உங்க வாசலில் எத்தனை மில்லிமீட்டர் விழுந்தது என்பதை வாசலில் வைத்த அளவுகோல்தான் சொல்லும்.

யார் இந்த ஆர்வலர்கள்?

‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் வானிலை மையத்தின் ஊழியர் அல்ல. வேறு வேலை பார்த்துக்கொண்டே மழையைப் பின்தொடர்ந்தவர். 2015 வெள்ளத்தின்போது அவரது ஃபேஸ்புக் பக்கத்தை லட்சக்கணக்கானோர் தேடிப்போய்ப் படித்தார்கள். டெல்டா பக்கம் மன்னார்குடி செல்வகுமாரின் குரல் விவசாயிகளின் வாட்ஸ்அப்பில் சுற்றும். எல்லோரும் பயன்படுத்துவது பொதுவில் கிடைக்கும் செயற்கைக்கோள் படம், ரேடார், கணினி மாதிரிகள். கூடவே பழைய மழைக் கணக்குகளை மனப்பாடமாக வைத்திருக்கும் பழக்கம்.

இது புதுசும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் மூலமே ஒரு ஆர்வலரின் முயற்சிதான். வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் வீட்டில் சொந்தமாக வைத்திருந்த வானாய்வகம் அது. இன்றைய மண்டல வானிலை மையம் இருப்பது நுங்கம்பாக்கத்தின் அதே வளாகத்தில்.

அவர்கள் சொல்வது எப்பவும் நடக்குமா?

இல்லை. யார் சொல்வதும் எப்பவும் நடக்காது. 2021 டிசம்பர் 30 நினைவிருக்கா? கடலில் இருக்கும் என்று கணக்கிடப்பட்ட மேலடுக்குச் சுழற்சி கரையை நெருங்கியது. மதியம் தொடங்கிய மழை சில மணி நேரத்தில் சென்னையை முடக்கியது. எம்.ஆர்.சி. நகரில் 17 செ.மீ.க்கு மேல், நுங்கம்பாக்கத்தில் 14 செ.மீ.க்கு மேல், ஆனால் மீனம்பாக்கத்தில் 10 செ.மீ. மின்சாரம் தாக்கி உயிர்கள் போயின. சிவப்பு எச்சரிக்கை வந்தபோது தெருக்கள் ஏற்கெனவே மூழ்கியிருந்தன. வானிலைக் கணிப்பை மேம்படுத்த வேண்டும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் மத்திய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்.

அன்றைக்கு மழை வரும் என்பது தெரிந்த விஷயம். இவ்வளவு, இந்த இடத்தில் என்பதுதான் தெரியவில்லை. இப்படியான நாளில் உதவுவது நேற்றைய கணிப்பு அல்ல, இப்போதைய அளவு. ‘எங்க பக்கம் அரை மணி நேரத்தில் 4 செ.மீ. ஆச்சு’ என்று மேற்கே இருக்கும் ஒருவர் சொன்னால், கிழக்கே இருப்பவருக்கு அதுவே எச்சரிக்கை.

அமெரிக்காவில் இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டார்கள். 1997 ஜூலை 28 அன்று கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் திடீர் வெள்ளம். ஐந்து பேர் இறந்தார்கள். நகரின் ஒரு பகுதியில் ஒரு அடிக்கும் மேல் மழை, வேறு பகுதிகளில் சாதாரண மழை. அடுத்த ஆண்டே அங்குள்ள பல்கலைக்கழகம் பொதுமக்களிடம் மழைமானி கொடுத்து அளக்கச் சொன்னது. ‘கோகோராஸ்’ என்ற அந்த வலையமைப்பில் இன்று ஆயிரக்கணக்கான வீடுகள் தினமும் மழையைப் பதிவு செய்கின்றன.

நீங்களே அளக்க என்ன வேணும்?

• அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமுள்ள கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம், ஒரு ஸ்கேல். அடி தட்டையாக இருக்கணும். தண்ணீர் பாட்டில் என்றால் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வையுங்க. வளைந்த அடிப்பகுதி மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டை பூஜ்யமாகக் குறிச்சுக்கோங்க.

• மரம், சுவர், கூரை ஓரம் வேண்டாம். பக்கத்துச் சுவர் எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைப்பது நல்லது. தரையிலிருந்து தெறிக்கும் தண்ணீர் விழாதபடி ஒரு அடி உயரத்தில் வையுங்க.

• தினமும் காலை 8.30-க்கு அளந்து, எழுதி, கொட்டிவிடுங்க. பலத்த மழையில் 15 நிமிஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்குள் இருந்தபடியே பார்க்க முடிந்தால் பாருங்க. இடி மின்னலில் மாடிக்குப் போகாதீங்க.

• மழையோடு சேர்த்துத் தெருவையும் குறிச்சுக்கோங்க. தண்ணீர் எத்தனை மணிக்கு முதல் படியைத் தொட்டது, எப்போ வடிந்தது?

இந்தக் கடைசிக் குறிப்பை யாரும் செயற்கைக்கோளில் இருந்து எடுக்க முடியாது. இரண்டு பருவமழை எழுதி வைத்தால், ‘நம்ம தெரு எத்தனை செ.மீ. வரை தாங்கும்’ என்பது உங்க கையில் இருக்கும். கால்வாய் தூர்வாரச் சொல்லி மாநகராட்சியிடம் போகும்போது, ‘ரொம்ப தண்ணி நிக்குது’ என்பதைவிடத் தேதியும் நேரமும் அளவும் உள்ள ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

ஆறு வேற கணக்கு

ஓரிக்கைக்கு இன்னொரு எச்சரிக்கை. தெருவில் நிற்கும் தண்ணீர் உள்ளூர் மழை. பாலாற்றில் வரும் வெள்ளம் பெரும்பாலும் வெளியூர் மழை. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரம் வழியாக வரும் ஆறு அது. ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். 2021 நவம்பரில் இரு கரையும் நிறைந்து ஓடியது. இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே ஆற்றில் தண்ணீர் ஏறலாம். வீட்டு மழைமானி இதைச் சொல்லாது. ஆற்றங்கரைக்கு மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்புதான் முக்கியம்.

எதை நம்பலாம்?

பாதுகாப்பு முடிவுகளுக்கு வானிலை மையமும் மாவட்ட நிர்வாகமும்தான். ‘டிஎன் அலர்ட்’ ஆப்பில் எச்சரிக்கைகள் வரும், ‘தாமினி’ ஆப் மின்னலைச் சொல்லும். அவசர உதவிக்கு 1070, மாவட்ட எண் 1077. ஆர்வலர் பதிவுகளில் இடமும் நேரமும் இருக்கிறதா என்று பாருங்க. ஃபார்வர்டில் வரும் ரேடார் படத்தில் தேதியைப் பார்க்காமல் பகிராதீங்க. ‘வரலாறு காணாத’ என்று தொடங்கினால் இன்னும் கொஞ்சம் சந்தேகப்படுங்க.

ஓரிக்கை என்ற பெயருக்கு ‘ஓர் இரவு இருக்கை’ என்று ஊரில் கதை சொல்வார்கள். திருமழிசை ஆழ்வாரோடு ஊரைவிட்டுக் கிளம்பிய பெருமாள், படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து ஒரு ராத்திரி தங்கிய இடமாம். பாவைக் கழற்றவோ சுருட்டி மேலே ஏற்றவோ நெசவாளருக்கு ஒரு ராத்திரி வேண்டாம். ஒரு மணி நேரம் முன்னாடி தெரிந்தால் போதும். மேற்குப் பக்கத்து வீட்டு மாடியில் ஸ்கேலோடு நிற்கும் ஒருவர் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க முடியும்.