முன்பள்ளியின் முதல் நாள்: சொல்லிவிட்டுப் போங்கள்

முன்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரில் பலர் பெருமையோடுதான் ஆரம்பிப்பார்கள். “டீச்சர், மகனுக்கு அ, ஆ எல்லாம் பாடம். இருபது வரைக்கும் எண்ணுவார். இன்னும் என்ன பழக்க வேணும்?” என்பார்கள். நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். “சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறப்பாரா? நீங்கள் போகும்போது அவரிடம் சொல்லிவிட்டுப் போவீர்களா?” முதல் கேள்விக்குச் சிரிப்பார்கள். இரண்டாவதற்குச் சிலர் பதிலே சொல்வதில்லை.

பதுளை நகரில் முன்பள்ளி ஆசிரியையாக எனக்கு இது பதினான்காவது வருடம். கடைவீதிப் பிள்ளைகளும் பசறை வீதிப் பக்கத் தோட்டங்களின் பிள்ளைகளும் எங்களிடம் வருகிறார்கள். உம்மா என்று அழும் பிள்ளையும் அம்மா என்று அழும் பிள்ளையும் ஒரே பாயில் இருப்பார்கள். எழுத்துத் தொடங்குவதற்கு இந்த இரண்டு வகை வீடுகளிலும் சடங்கு உண்டு. நம் பிள்ளையை ஓதப் போடும் நாளில் புதுச்சட்டையும் நார்சாவும் இருக்கும். அவர்கள் விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவித்து ஏடு தொடக்குவார்கள். ஆனால் தாயை விட்டு முதன்முதலாக ஒரு காலைப்பொழுதைக் கழிக்கப் போகும் பிள்ளைக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. பையும் சப்பாத்தும் வாங்குவதோடு ஆயத்தம் முடிந்துவிடுகிறது.

முதல் நாள் வாசலில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். பிள்ளை உம்மாவின் அபாயாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே ஒரு விளையாட்டு லொறி கிடக்கும். பிள்ளை அதன் பக்கம் குனிந்ததும், கூட வந்த மாமி “இப்ப போங்க, அவர் பார்க்கல்ல” என்று கண்ணைக் காட்டுவார். தாய் மெல்ல நழுவிவிடுவார். அழுகைச் சத்தம் கேட்காமல் போன நிம்மதி அவருக்கு. கொஞ்ச நேரத்தில் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்.

அதற்குப் பின் நடப்பதைத் தாய் காண்பதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுவரை அப்படித்தான் விட்டுச் சென்றார்கள். மறுநாள் அவர் அந்த லொறியைத் தொடவில்லை. எந்த விளையாட்டுப் பொருளையும் தொடவில்லை. வாசலைப் பார்த்தபடியே இருந்தார். லொறியைப் பார்த்த நேரத்தில்தான் உம்மா காணாமற் போனார் என்று அவர் கணக்கு வைத்திருந்தார். உம்மா குசினிக்குப் போனாலும் பின்னால் போகிறார், குளிக்கப் போனால் கதவைத் தட்டுகிறார் என்று வீட்டிலிருந்து செய்தி வந்தது. அவர் மீண்டும் விளையாட ஆறு வாரம் சென்றது. அந்த ஆறு வாரமும் தாய் செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் நின்று, ஒரே வார்த்தைகளைச் சொல்லி, மகன் பார்க்கப் பார்க்கப் போனார். சொன்னபடியே வந்தார்.

சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை அழும். அழட்டும். உம்மா போகிறார் என்ற கவலையில் வரும் அழுகை அது. நான் கண்ட வரையில் பெரும்பாலான பிள்ளைகள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தேறிவிடுகிறார்கள். உம்மா எங்கே என்று தெரியாத பயம் அப்படி அடங்குவதில்லை. சில பிள்ளைகள் அழவே மாட்டார்கள். “என் மகள் ஒரு சொட்டும் அழல்ல” என்று தாய் மகிழ்வார். நாங்கள் அந்தப் பிள்ளையைத்தான் கூடுதலாகக் கவனிப்போம். பிரித்தானியாவில் ஜேம்ஸ் றொபட்சன் என்பவர் 1952ஆம் ஆண்டில், வைத்தியசாலையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி ஒரு படம் எடுத்தார். அவள் பெரிதாக அழவில்லை. தன்னை அடக்கிக்கொண்டு, முகம் வாடிக் கிடந்தாள். பிள்ளைகளோடு தாய்மார் தங்க வேண்டும் என்று அங்கே வைத்தியசாலைகளின் நடைமுறை மெல்ல மாறியதில் அந்தப் படத்துக்கும் பங்குண்டு. பேசாமல் இருக்கும் பிள்ளை பழகிவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது.

எப்படிச் சொல்வது? மூன்று வயதுப் பிள்ளைக்கு மணிக்கூடு தெரியாது. “பதினொன்றரைக்கு வருவேன்” என்றால் அதற்கு ஒன்றும் விளங்காது. “நீங்க பழம் சாப்பிட்டு, பாட்டுப் பாடி, சப்பாத்துப் போட்டதும் உம்மா கேட்டடியில நிற்பேன்” என்றால் விளங்கும். குனிந்து முகம் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு ஸலாம், ஒரு முத்தம், பிறகு போய்விடுங்கள். யன்னலால் எட்டிப் பார்ப்பதும், அழுகை கேட்டுத் திரும்பி ஓடி வருவதும் பிள்ளையை இரண்டாம் முறை பிரிப்பதற்குச் சமம். உம்மம்மாதான் கூட்டிப் போக வருவார் என்றால் அதையே சொல்லுங்கள். “உம்மா வருவேன்” என்று சொல்லி உம்மம்மாவை அனுப்பக்கூடாது. வீட்டிலேயே சின்னதாகப் பழக்கலாம். முதல் வாரம் மாமி வீட்டில் அரை மணி நேரம், அடுத்த வாரம் ஒரு மணி நேரம் விட்டு வாருங்கள். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டே போங்கள்.

இந்த விடயத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் எனக்கு நிறையக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அங்கே கொழுந்து பறிக்கும் தாய் காலையில் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போக வேண்டும். சேலைத் தொட்டில்கள் கட்டிய காம்பராவாக இருந்தது இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாறியிருக்கிறது. பழைய பெயர்தான் இன்னும் வாயில் வருகிறது. அங்கிருந்து எங்களிடம் வந்த பிள்ளைகளில் பலருக்குத் தாய் போவது புதிதல்ல. போனவர் திரும்பி வருவார் என்பதை அந்த வாசலில் தினம் கண்டு பழகியவர்கள். அவர்களைத் திகைக்க வைப்பவை வேறு. புதிய முகங்கள், வரிசை, கதிரையில் அசையாமல் இருப்பது. வசதியான வீடு என்பதால் பிள்ளை இலகுவாகப் பழகும் என்று எண்ண வேண்டாம். உம்மம்மாவின் மடியை விட்டு இறங்காத நகரத்துப் பிள்ளைதான் வாசலில் அதிகம் தவிக்கிறது.

நாம் முன்பள்ளியை ‘மொண்டிசோரி’ என்று சொல்கிறோமே, அந்தப் பெயருக்குரிய மரியா மொண்டிசோரி அம்மையாரும் தொழிலாளர் பிள்ளைகளோடுதான் தொடங்கினார். 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போன பின் படிக்கட்டுகளிலும் சுவர்களிலும் குறும்பு செய்து திரிந்த சிறுவர்களுக்காக முதலாவது இல்லம் திறக்கப்பட்டது. நம் லயங்களைப் போன்ற நெருக்கமான இடம். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறையில் பொத்தான் போடுவதும், தண்ணீர் ஊற்றுவதும், கதிரையைச் சத்தமில்லாமல் நகர்த்துவதும் பாடங்களே. மொண்டிசோரி என்று பெயர்ப் பலகை போட்டுவிட்டு மூன்று வயதில் கொப்பி நிறைய எழுதச் சொல்லும் இடங்களைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பாரோ! முதலாம் தரத்தில்கூடப் பாடம் தொடங்குமுன், விளையாட்டுகள் மூலம் பிள்ளைகளை இனங்காணும் செயற்பாடு ஒன்று நம் பாடசாலைகளில் நடக்கிறது.

சாப்பாட்டுப் பெட்டிக்கு வருவோம். முன்பள்ளிக்கு வாங்கும் பெட்டியையும் போத்தலையும் பிள்ளையே பத்து நாளாவது வீட்டில் திறந்து மூடட்டும். இறுக்கமான மூடியோடு மல்லுக்கட்டிப் பசியோடு பெட்டியை மூடி வைக்கும் பிள்ளை ஒவ்வொரு வருடமும் உண்டு. காற்சட்டைக்கு இலாஸ்டிக் போதும், சிப்பும் கொக்கியும் வேண்டாம். ஜனவரி நமக்கு மழைக்காலம். நமுனுகுல மலை மூடிக் கிடக்கும் காலையில் நனைந்த சப்பாத்தோடு வரும் பிள்ளைக்கு மாற்று உடுப்பு ஒன்றும் காலுறையும் பையில் இருக்கட்டும். மூன்று வயதில் போட வேண்டிய எம்.எம்.ஆர். ஊசி போட்டாயிற்றா என்று சுகாதாரப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று சிறிதாகத் தோன்றும், சிறிதல்ல. சிறுநீர் கழிக்க உங்கள் வீட்டில் என்ன சொல் என்பதை டீச்சரிடம் சொல்லுங்கள். ஒரு வீட்டில் ‘சூ’, ஒரு வீட்டில் ‘ஒண்ணுக்கு’, சிங்களமும் பேசும் வீட்டில் வேறொரு சொல். பிள்ளை தன் சொல்லைச் சொல்லி, எங்களுக்கு விளங்காமல், காற்சட்டை நனைந்த பின் மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டால் மறுநாள் அது வர மாட்டேன் என்று நிற்கும். காரணமும் சொல்லாது.

இதை வாசிக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உம்மா வேலைக்குப் போகும் வீடுகளில் தம்பியை முன்பள்ளிக்குக் கொண்டு வருவது நீங்கள்தான். உங்கள் வெள்ளைச் சீருடையைக் கண்டாலே எங்கள் வாசலில் பிள்ளைகளுக்கு ஒரு தைரியம். வீட்டில் நீங்கள் விளையாடும் டீச்சர் விளையாட்டில் ஒரு மாற்றம் செய்யுங்கள்: கையில் இருக்கும் அந்தப் பிரம்பைப் போட்டுவிடுங்கள். “குழப்படி செஞ்சா டீச்சர் அடிப்பாங்க”, “அழுதா கோணிபில்லா வருவான்” என்று கேட்டு வளர்ந்த பிள்ளை என்னைக் கண்டதும் கையைப் பின்னால் ஒளிக்கிறது. அந்தக் கையில் ஒரு வர்ணப் பென்சிலை வைக்க எனக்குப் பல நாள் பிடிக்கிறது.

பிள்ளையைக் கூட்டிப் போகும்போது “அழுதீங்களா?” என்று கேட்க வேண்டாம். “பக்கத்துல யார் இருந்த?”, “பழத்தை யாரு உரிச்ச?” என்று கேட்டால் பிள்ளை பேசும். முதல் இரண்டு வாரம் இரவில் படுக்கை நனையலாம், விட்டுவிட்ட சூப்பியைத் திரும்பக் கேட்கலாம். ஏச வேண்டாம். பகல் சாப்பிட்டதும் தூங்கினால் அஸர் வரைக்கும் தூங்கட்டும். முதல் நாள் சிரித்துக்கொண்டு வந்த சில பிள்ளைகள் இரண்டாவது திங்கட்கிழமை வாசலில் உருண்டு அழுவார்கள்; இது ஒரு நாள் விளையாட்டல்ல, தினமும் வர வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிகிறது. அன்று காலையில் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் முந்தியே வீட்டை விட்டுப் புறப்படுங்கள்.