டயாலிசிஸ் தொடங்கியபின் பத்தியம் மாறவேண்டும்

எமரால்டு மலைக்கிராமத்திலிருந்து விடியுமுன் பஸ் ஏறி உதகைக்குச் சென்று, நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகே படுத்திருந்து, அந்திக்குளிரில் வீடு திரும்பும் நோயாளியை, “கிட்னி கெட்டவர் பருப்பும் முட்டையும் தொடலாகாது, அசையவும் கூடாது” என்று அன்பின் பேரால் பட்டினி போட்டுக் கம்பளிக்குள் கிடத்தி வைக்கும் வழக்கத்தைக் காணுந்தோறும் மனம் பதைக்கிறது. புரதத்தைக் குறைக்கச் சொன்னது டயாலிசிஸுக்கு முந்தைய பத்தியம். டயாலிசிஸில் நஞ்சோடு அமினோ அமிலங்களும் வெளியேறிவிடுவதால், அதன்பின் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை, அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு அன்றாடம் 50 முதல் 60 கிராம் வரை புரதம் தேவைப்படுகிறது. ஒரு முட்டையில் இருப்பதோ ஏறக்குறைய 6 கிராம்தான்.

புரதம் போதாவிட்டால் கரைவது தசை. அது சுமை தூக்குவதற்கு மட்டும் அமைந்ததன்று. ரத்தத்தில் ஹார்மோன்களையும் சுரக்கிறது. அவற்றுள் 1997-இல் அறியப்பட்ட மயோஸ்டாட்டின் தசை வளராதபடி தடுப்பது. சிறுநீரகம் பழுதான எலிகளில் அதைத் தடுத்தபோது தசை கரைவது குறைந்தது. 2012-இல் அறியப்பட்ட இரிசின், உடலுழைப்போடு தொடர்புடையது. சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தில் அது குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. இவற்றை அளப்பது இன்னும் ஆராய்ச்சிக்கூடத்து விஷயமே. அந்தப் பரிசோதனைக்கென்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்கவேண்டாம்.

நீங்கள் கவனிக்கவேண்டியவை வேறு. தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் குறைந்துவிட்டதென்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு அது தசை கரைவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். சதை குறைந்த இடத்தை நீர் நிரப்பிக்கொண்டு எடை மாறாதிருப்பதுபோல் ஏமாற்றும். ஆகையால் உலர் எடையை, அதாவது மிகை நீர் நீங்கியபின் இருக்கவேண்டிய எடையை, மறுபடி நிர்ணயிக்கும்படியும், ரத்தப் புரதமான ஆல்புமினின் அளவைச் சொல்லும்படியும் வைத்தியரைக் கேளுங்கள். இத்தாலியில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், வீட்டிலேயே சிறிது சிறிதாக நடக்கப் பழகிய நோயாளிகள் ஆறு நிமிஷத்தில் கடக்கும் தூரம் ஆறு மாதத்தில் சராசரி 328 மீட்டரிலிருந்து 367 ஆயிற்று. வைத்தியர் அனுமதித்தபின் சமதளத்தில் நடவுங்கள். நம் மலைச்சரிவில் ஏறத் தொடங்கவேண்டாம். புரதம் கூடும் என்றதும் எல்லாவற்றையும் தின்றுவிடவும் வேண்டாம்: நம்மூர் உருளைக்கிழங்கின் பொட்டாசியம் இருதயத்தையே நிறுத்தக்கூடியது. நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிய பிறகும், வைத்தியர் சொன்ன அளவே.

செலவுக்கு அஞ்சி டயாலிசிஸை ஒருமுறை தவறவிடுவதும் பெரும் அபாயம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்கு மிகாவிட்டால் டயாலிசிஸ் செலவை ஏற்கும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை பெறலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையும் ஆதாரும் சேர்த்து, உதகை ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குச் செல்லுங்கள். ஒரு கையெழுத்துக்காக நோயாளியை மூன்று முறை அலையவிடுவது அநீதி. அட்டை வரத் தாமதித்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லாத எண்ணில் விசாரியுங்கள். அட்டை வாங்குவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த டயாலிசிஸ் நாளில், “எனக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் புரதம்?” என்று கேட்டு, விடையைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் சமைப்பவர் கையில் கொடுங்கள்.