லட்சுமி வீட்டுக் கொல்லைப்புறம்

உள்ளே விட்டுவிட்டார்கள்! புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பின்னாலேயே வாருங்கள். கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். இப்போதுதான் சாணி வாரித் தண்ணீர் அடித்திருக்கிறார்கள், தரை வழுக்குகிறது.

நாம் நிற்பது திருவண்ணாமலை ஸ்ரீ ரமணாசிரமத்தின் கோசாலையில். இன்று ஆனி மாத வளர்பிறைத் துவாதசி. 1948 ஜூன் 18, வெள்ளிக்கிழமை, காலை 11.30 மணிக்கு இந்த ஆசிரமத்தில் லட்சுமி என்ற பசு கண்ணை மூடியது. எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் ஆண்டுதோறும் இந்தத் திதியில் அதற்கு ஆராதனை நடக்கிறது. எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கம் மாடு இல்லாத தெரு கிடையாது. மாடு செத்தால் வீட்டில் அன்றைக்கு உலை வைக்க மனசு வராது. ஆனால் வருஷம் தவறாமல் நாள் பார்த்து ஒரு மாட்டைக் கொண்டாடுகிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பூஜையை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பூஜைக்கு முந்தி கொல்லைப்புறத்தில் என்னதான் நடக்கிறது என்று பார்க்கத்தான் எனக்கு ரொம்ப நாளாய் ஆசை. தீவனக் கட்டு இறக்க வரும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவன், "என்கூட வாக்கா, நான் சொல்லிக்கறேன்" என்றான். கோழி கூப்பிடும் முன்பே எழுந்து பஸ் பிடித்துவிட்டேன். செங்கம் ரோட்டில் ஆட்டோ நிற்கும்போது மலை உச்சியில் வெயில் அப்போதுதான் பட ஆரம்பித்திருந்தது.

சரி, வேலை நடக்கிறது பாருங்கள். லுங்கியை மடித்துக் கட்டிய இரண்டு பேர் ஆளுக்கொரு தேங்காய் நாரை வைத்துக்கொண்டு மாடுகளைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். முதுகில் தண்ணீர் ஊற்றினால் சுகமாக நிற்கிற மாடு, காதுக்குள் கை போனதும் தலையை ஒரு உதறு உதறுகிறது. சுற்றி நிற்கும் எல்லாருக்கும் அபிஷேகம், எனக்கும் சேர்த்து! வாலைக் கழுவும்போது ஓரமாக நிற்க வேண்டும் என்பதை இங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"எந்த ஊரும்மா?" என்று நரைத்த மீசைக்காரர் கேட்கிறார்.

"கீழ்பென்னாத்தூர்ண்ணா."

"அட, மல்லாட்டக் கொடி ஊரு! வரும்போது ரெண்டு கட்டு எடுத்தாந்திருக்கக் கூடாதா? இதுங்க வைக்கோலப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குதுங்க."

அந்தப் பக்கம் ஒரு கூச்சல். கழுத்துக்கு என்று கட்டி வைத்திருந்த சாமந்தி மாலையைப் பக்கத்தில் நின்ற மாடு பாதி மென்றுவிட்டது. மீதிப் பாதியைப் பிடுங்க ஒரு பையன் இழுக்கிறான், மாடும் இழுக்கிறது. மாடுதான் ஜெயிக்கிறது. "வுடுடா, அதுக்குத்தான வாங்கனது, முன்னாடியே துன்னுட்டுது" என்று மீசைக்காரர் சிரிக்கிறார். பையன் முறைத்துக்கொண்டே வேறு மாலை எடுக்கப் போகிறான். வேர்வையில் அவன் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மணி இன்னும் எட்டு ஆகவில்லை.

இந்தச் சத்தத்துக்கு நடுவே நான் லட்சுமியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1926. குடியாத்தம் பக்கம் குமாரமங்கலத்திலிருந்து அருணாசலம் பிள்ளை என்பவர் ஒரு பசுவையும் அதன் பெண் கன்றையும் ஓட்டிக்கொண்டு வந்து ரமண மகரிஷிக்குக் காணிக்கை என்றார். அப்போது ஆசிரமம் என்றால் ஓரிரண்டு கொட்டகை, சுற்றிலும் காடு, ராத்திரியில் சிறுத்தை வரும். இங்கே மாட்டைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், திரும்ப ஓட்டிப் போங்கள் என்று, எல்லாரும் பகவான் என்று கூப்பிடும் மகரிஷி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வந்தவர் அசையவில்லை. கடைசியில் ஆசிரமத்தில் இருந்த ராமநாத பிரம்மச்சாரிதான், சரி, என் தலையிலேயே விடியட்டும் என்கிற மாதிரி எழுந்து பொறுப்பை ஏற்றார். அந்தக் கன்றுதான் லட்சுமி.

சில மாதம் போனது. சிறுத்தை பயம் ஒரு பக்கம், காய்கறிப் பாத்தியைக் கன்று மேய்ந்துவிடுவது இன்னொரு பக்கம். தாயையும் கன்றையும் டவுனில் பசுபதி என்பவர் வீட்டில் ஒப்படைத்தார்கள். ஒருநாள் பசுபதி இரண்டையும் ஆசிரமத்துக்கு ஓட்டி வந்து பகவானைக் காட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான், கன்று வழியை மனசில் பதித்துக்கொண்டது! மறுநாளிலிருந்து யாரும் ஓட்டாமல் தானாகவே டவுனிலிருந்து நடந்து வரும், சாயங்காலம் தானாகவே திரும்பிப் போகும். வந்தால் நேரே பகவானிடம்தான். அவர் கொடுக்கும் வாழைப்பழத்தை வாங்கிக்கொள்ளும். சாப்பாட்டு வேளைக்கு அது வந்து நிற்பதைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் மணி சரியாக இருக்குமாம்.

1930-ல் ஒருநாள், சினையாக இருந்த நேரத்தில், சாயங்காலம் ஆகியும் கிளம்ப மறுத்துவிட்டது. கண்ணில் தண்ணீர். பகவான் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. கடைசியில் பசுபதியை வரவழைத்துப் பேசி, லட்சுமி ஆசிரமத்துக்கே நிரந்தரமாக வந்துவிட்டது. பிறகு பல ஈற்று. குறைந்தது மூன்று முறையாவது சரியாக ரமண ஜயந்தி அன்றே கன்று போட்டிருக்கிறது.

"எங்க அந்த சலங்க? நேத்து இங்கதான வெச்சேன்!"

கதையை நிறுத்துங்கள், சலங்கை காணோம். எல்லாரும் தேடுகிறோம். தவிட்டு மூட்டைக்குப் பின்னால், பால் கேனுக்குள், ஜன்னல் மேடையில். அங்கே ஒரு பழைய சோப்பு டப்பா, துருப்பிடித்த அரிவாள், யாரோ கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடி, பாதி எரிந்த ஊதுவத்திக் கட்டு, தும்புக் கயிறு ஒரு குவியல். வெளியே இருந்து பார்த்தால் எவ்வளவு அமைதியான இடம் இது! தியான மண்டபத்தில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காது. உள்ளே வந்தால் கல்யாண வீட்டுக் கொட்டடி. கடைசியில் சலங்கை, அதைத் தேடிக்கொண்டிருந்தவரின் தோளிலேயே துண்டுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறது.

இந்தக் கோசாலைக்குப் பால் காய்ச்சிய நாளிலும் இப்படித்தான் ஒரு தேடல் நடந்தது. கட்டி முடித்து, கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் குறித்து, லட்சுமிக்கு மாலை போட்டு அலங்காரம் செய்து நிறுத்தியிருந்தார்கள். நேரம் நெருங்கியபோது பார்த்தால் கதாநாயகியைக் காணோம்! நழுவிப் போய் பகவான் பக்கத்தில் படுத்துவிட்டது. அவர் எழுந்து வந்தால்தான் தானும் வருவேன் என்று அடம். கடைசியில் அவரே முன்னால் நடக்க, பின்னால் லட்சுமி வந்து புது வீட்டுக்குள் காலடி வைத்தது. நாம் நிற்கிற கோசாலைக்குள்தான். எனக்குக் கை சிலிர்க்கிறது, உங்களுக்கு?

வாருங்கள், சமையல்கட்டை எட்டிப் பார்த்துவிடலாம். உள்ளே போக வேண்டாம், வாசலோடு நின்றுகொள்வோம், அனல் அப்படி. ஆள் உயரத்துக்குக் கரண்டி பிடித்து ஒருவர் பொங்கலைக் கிளறுகிறார். வெல்லப் பாகு கொதிக்கும் வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கிறது. முந்திரி வறுக்கிறவரிடம் "ஒண்ணு ரெண்டு" என்று கை நீட்டியவரை, "சாமிக்கு ஆவட்டும்" என்று விரட்டுகிறார்கள். விரட்டியவர் வாயும் அசைகிறது!

இந்த ஆசிரமத்தில் சமையல்கட்டு சாதாரண இடம் இல்லை. விடியும் முன்பே எழுந்து வந்து காய் நறுக்கியவர், சட்னி அரைத்தவர் பகவான். பார்க்க வருகிறவர்கள் கண்ணில் மண்டபத்தில் சோபாவில் அமர்ந்திருக்கும் மகரிஷி பட்டார். அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தவர்கள் சம்பூரணம்மாள், சாந்தம்மாள், சுப்புலட்சுமியம்மாள் போல அடுப்படியில் வெந்தவர்கள்தான். பின்கட்டில் வேலை செய்தவர்களுக்குத்தான் பகவான் அதிகம் கிடைத்தார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். லட்சுமிக்கும் அப்படித்தான்.

சமாதிகள் மலைப்பக்கம் இருக்கின்றன. நான்கு. லட்சுமி, வள்ளி என்ற மான், ஜாக்கி என்ற நாய், ஒரு காகம். வள்ளிக்கு அடிபட்டுப் பிழைக்க வழியில்லை என்று ஆனபோது அதன் உயிர் பிரியும் வரை பகவான் பக்கத்திலேயே இருந்தார். ஜாக்கியின் கடைசி நேரத்திலும் அவர் கை அதன் மேல்தான். இவை எல்லாவற்றுக்கும் முறையாகக் குழி தோண்டி, மேலே கல் வைத்தார்கள்.

ஆராதனைக்கு முன்னால் அந்தக் கல்லைக் கழுவுகிறார்கள் பாருங்கள், இதைப் பார்க்கத்தான் நான் வந்தேன். லட்சுமியின் கல் உருவத்தின் மேல் ஒரு பெண் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார். பிறகு முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, கல் மாட்டின் காது மடிப்புக்குள் விட்டு, போன பூஜையின் மஞ்சளையும் அதில் ஒட்டியிருந்த ஓர் எறும்பையும் எடுக்கிறார். எறும்பை நசுக்காமல் ஊதி விடுகிறார். கொஞ்ச நேரத்துக்கு முன் கோசாலையில் உயிருள்ள மாட்டின் காதில் எப்படிக் கை விட்டார்களோ, அச்சு அசல் அதே பக்குவம். நினைவு நாள் என்று நாம் எதை எதையோ செய்கிறோம். ஒரு மாட்டை நினைத்துக்கொள்ள அதைக் குளிப்பாட்டுவதைவிடச் சரியான வழி எனக்குத் தோன்றவில்லை.

அபிஷேகம் ஆரம்பமாகிறது. பால், தயிர், சந்தனம். பெண்கள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் வேட்டி அவிழாமல் பிடித்தபடி நிற்கிறார். சுவர் மேல் மயில் ஒன்று, குரங்கு ஒன்று. குரங்கின் பார்வை முழுக்க வாழைப்பழத் தட்டின் மேல். அதைக் காவல் காக்கவே ஒரு தாத்தாவும் அவர் தடியும். லட்சுமியின் கதையைப் படிக்கிறார்கள். இது ஏற்கெனவே தெரிந்த கதைதான், ஆனாலும் எல்லாரும் முதல் தடவை கேட்பது போலக் கேட்கிறார்கள்.

அந்தக் கடைசி நாளை எழுதி வைத்தவர்களில் சூரி நாகம்மாவும் ஒருவர். தன் அண்ணனுக்குத் தெலுங்கில் கடிதம் கடிதமாக ஆசிரம வாழ்க்கையை எழுதியவர். அன்று காலை பகவான் கோசாலைக்குப் போனார். வைக்கோல் மேல் லட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கை நெற்றியில், ஒரு கை நெஞ்சில். தாயிடம் பேசுவது போல அதனிடம் பேசினார். அது அமைதியான பிறகே எழுந்து போனார். 11.30-க்கு மூச்சு நின்றது. குடம் குடமாக நீராட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, பட்டுப் போர்த்தி, மாலை சூட்டி, பகவான் முன்னிலையில் அடக்கம் செய்தார்கள். அதன் பிறகு வருஷம், மாதம், திதி, நட்சத்திரம் எல்லாம் அடங்க ஒரு தமிழ்ப் பாட்டை அவரே எழுதினார். லட்சுமி முக்தி அடைந்த நாள் என்கிறது அந்தப் பாட்டு. இது மரியாதைக்குச் சொல்வதா, நிஜமாகவேயா என்று பக்தர் தேவராஜ முதலியார் கேட்டார். நிஜம்தான் என்றார் பகவான்.

ஊருக்குள் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. பகவான் மலைமேல் இருந்த காலத்தில் கீரை பறித்துச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்த கீரைப் பாட்டிதான் லட்சுமியாகத் திரும்பி வந்தாள் என்பார்கள். பகவான் அதை வெளிப்படையாகச் சொன்னதில்லை. மீசைக்காரருக்குச் சந்தேகமே கிடையாது. "பின்ன? பாட்டி இல்லனா அம்மாம் தூரம் தெனம் நடந்து வருமா?"

விலங்குகளுக்காக ஊர் அழுவது எங்கும் இருக்கிறது. பெர்லின் விலங்குக் காட்சிச்சாலையில் தாய் ஏற்காத பனிக்கரடிக் குட்டி க்னூட்டை, தாமஸ் டோர்ஃப்லைன் என்ற பராமரிப்பாளர் அங்கேயே தங்கி, பால் புட்டியில் ஊட்டி வளர்த்தார். அவர் 2008-ல் போனார், க்னூட் 2011 மார்ச்சில் பார்வையாளர்கள் கண்முன்னே செத்தது. அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள், தோலைப் பாடம் செய்து அருங்காட்சியகத்திலும் நிறுத்தினார்கள். எங்கள் அண்ணாமலையார் கோயில் யானை ருக்கு 2018 மார்ச்சில் இறந்தபோது திருவண்ணாமலையே மாலையும் கையுமாகத் திரண்டது. அன்பில் ஏற்ற இறக்கம் இல்லை. ஆனாலும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் க்னூட்டை யாரும் தொட முடியாது. இங்கே லட்சுமியின் கல்லைத் தடவலாம், அப்படியே நாலு எட்டு நடந்து போய் உயிருள்ள கன்றின் நெற்றியையும் தடவலாம். இந்த ஏற்பாட்டுக்குத்தான் என் ஓட்டு.

தீபாராதனை முடிந்தது. பொங்கல் தட்டு முதலில் கோசாலைக்குப் போகிறது, மனுஷர்களுக்கு அப்புறம்தான். நானும் பின்னாலேயே ஓடுகிறேன். வாழை இலையோடு சேர்த்து விழுங்குகிறது ஒன்று. பொங்கலை நக்கிவிட்டு முந்திரியைத் துப்புகிறது இன்னொன்று. மாலையைத் தின்ற கள்ளி எதுவுமே நடக்காதது மாதிரி இரண்டாம் பங்குக்கு மூக்கை நீட்டுகிறது. பையன் அதற்கும் கொடுக்கிறான், திட்டிக்கொண்டே.

"ஏம்மா கீழ்பென்னாத்தூரு, கையக் கழுவு! பந்தி போட்டுட்டாங்க, லேட்டானா அடுத்த பந்திதான்."

"இதோ வரேண்ணா, இந்த மூலைல கட்டியிருக்கற கறுப்புக் கன்னுக்குட்டிக்கு இன்னும் பழம் கொடுக்கல!"

"அதுக்கு நான் நாலு குடுத்துட்டேன், உன்ன ஏமாத்துது, வா!"